கொடைக்கானல் வாலிபர் முகாம்: ஒரு பொறுப்பாளரின் மதிப்பீடு

கடந்த மே மாத விடுமுறையில், மதுரையிலுள்ள எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 14 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொடைக்கானலில் நடந்த 3 நாள் முகாமுக்குப் பொறுப்பாளராகச் சென்றுவந்தேன். என் மகளும் அவர்களில் ஒருத்தி. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒரு தாயின் பதற்றமும் கலந்திருக்கும். முகாமை நடத்திய ஊழியத்தின் பெயரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த முகாம்கள் பல நடக்கின்றன என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகப் படவில்லை.

தலைக்கு 2,400 ரூபாய், பேருந்துச் செலவு தனி. கம்பளி சுத்தமாக இருந்தது. வெந்நீர் காலை 6 மணிக்கு முன் எழுந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவூட்டியிருந்தார்கள். ஏற்பாட்டில் அனுபவசாலிகள் என்பது தெரிந்தது.

முகாமின் பொருள் ‘திறந்த இருதயம்’. பலவீனத்தை மறைக்காமல் தேவனிடத்திலும் ஒருவரிடத்தில் ஒருவரும் பேசப் பழகுவதே நோக்கம் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தார்கள். பதினைந்து வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு இதைவிடத் தேவையான பொருள் இருக்க முடியாது என்றுதான் நானும் பணம் கட்டினேன். ஆனால் முதல் நாள் காலைச் செய்தியிலேயே எனக்கு ஒரு நெருடல். 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்ட போதகர், ‘எதுவரைக்கும்’ என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிற முதல் வசனங்களை ஐந்தே நிமிடத்தில் கடந்து, துதியாக மாறுகிற கடைசி இரண்டு வசனங்களில் முக்கால் மணி நேரம் நின்றார். அப்படித் திரும்பாமலே முடிகிற 88ஆம் சங்கீதமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்று நாளில் அதை யாரும் புரட்டவில்லை.

இரண்டாம் நாள் இரவு தீமூட்டி, தேவன் தங்கள் வாழ்வில் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரம் நடத்தினார்கள். தலைவர்களில் ஒருவர் முதலில் எழுந்து, கல்லூரிக் காலத்தில் தமக்கிருந்த மனச்சோர்வைப் பற்றிப் பேசினார். அது துணிச்சலான பேச்சு, அதை மறுக்கவில்லை. எனினும் அவர் சொன்னதெல்லாம் ஆறிய புண். ‘இன்று பூரண விடுதலையோடு நிற்கிறேன்’ என்று முடித்தார். அடுத்து மைக்கை வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் அதே வார்ப்பில் பேசினார்கள்: விழுந்தேன், அழுதேன், கர்த்தர் தூக்கிவிட்டார். பிறகு பதினொன்றாம் வகுப்பு முடித்த ஒரு பெண் எழுந்தாள். தன் வீட்டில் நடப்பதைச் சொல்லத் தொடங்கினாள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற காரியம் என்பதால், அவளிடம் முடிவு இல்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றாள். ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று அவள் தேடுவது எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் கீபோர்டில் இருந்தவர் மெல்ல வாசிக்கத் தொடங்கிவிட்டார், யாரோ ‘அல்லேலூயா’ என்றார்கள், கைதட்டல் எழுந்தது, அவள் உட்கார்ந்துவிட்டாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.)

அன்றிரவு மாற்கு 14ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன். தாம் பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் ஆத்துமாவின் துக்கத்தை வாய்விட்டுச் சொல்கிறார். ஆனால் பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்றே பேரைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்கிறார். மற்ற சீஷர்களை வேறிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். கூட நடந்து பழகிய மூவரிடம் அவர் சொன்னதைப் போன்ற ஒன்றை, முந்தின நாள்தான் பெயர் தெரிந்துகொண்ட 120 பேர் முன்னிலையில் ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பதற்கு எந்த வேதபகுதி ஆதாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

முகாமில் நான் கண்ட உண்மையான ஊழியம் சமையலறைப் பின்கட்டில் நடந்தது. மூன்றாம் நாள் காலை எங்கள் குழுவுக்குப் பாத்திரம் கழுவும் முறை. கல்லூரி முதலாண்டு முடித்த பையன் ஒருவன் இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டே, பக்கத்திலிருந்த இளம் தன்னார்வலரிடம், “அண்ணே, ஜெபம் பண்ண உக்காந்தா எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது. அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு” என்றான். அடுத்த குழாயில் நான் டம்ளர் அலசிக்கொண்டிருந்தேன். அவர் வசனம் எதுவும் எடுத்துவிடவில்லை. “எனக்கும் ரெண்டு வருஷமா அப்படித்தான் இருந்துச்சு தம்பி. இப்பவும் சில நாள் அப்படித்தான் இருக்கு. அந்தக் கரண்டியை இப்படிக் குடு” என்றார். பையன் கரண்டியைக் கொடுத்தான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசிக்கொண்டே இருந்தான். அந்தத் தன்னார்வலர் மேடைப் பக்கம் ஒருமுறைகூட வரவில்லை.

கட்டாயம் சொல்ல வேண்டிய குறைகள் இரண்டு. வீடு திரும்பிய மறுநாளே, அந்தப் பெண் சொன்ன காரியம் பொறுப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘ஜெபக் குறிப்பு’ என்ற தலைப்போடு, ஊர்ப் பெயர் சகிதம் வந்தது. நம் சபைகளில் புறணிக்கு வெள்ளையங்கி உடுத்தினால் அது ஜெபக் குறிப்பாகிவிடுகிறது. மற்றொன்று, தனிப்பட்ட ஆலோசனை நேரத்தில் ‘நீ என்ன சொன்னாலும் எங்களைத் தாண்டிப் போகாது’ என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் அப்படி வாக்குக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். போதகருக்கும் வாலிபர் தலைவருக்கும் இதில் விலக்கு இல்லை. ‘உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால், உன்னிடம் சொல்லிவிட்டு, உரியவர்களிடம் பேசுவோம்’ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அது நேர்மை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் முகாமில் இல்லை. அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416ஐ அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குச் செலவு ஒரு தாள்தான், அதுவும் இல்லை.

இவை எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதமாக எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: வாட்ஸ்அப் செய்தியை நீக்கிவிட்டதாகவும், அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அவளும் அதை உறுதிப்படுத்தினாள். மைக் விஷயத்தைப் பற்றி மட்டும், ‘ஆவியானவர் கிரியை செய்யும் நேரத்தைக் கட்டுப்படுத்த விரும்பவில்லை’ என்று ஒரு வரி.

தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஐந்தில் நான்கு, முகாமின் பொருளைக் கையாண்ட விதத்துக்கு ஐந்தில் இரண்டு என்பது என் கணக்கு. சாட்சி நேரத்துக்குப் பதிலாக ஆறு பேர் கொண்ட குழுக்களும், ஆலோசகர் ஒருவரும் இருந்தால் வருவோம் என்று அடுத்த ஆண்டுப் படிவத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். என் மகள் தன் பங்குக்கு, அந்தச் சமையலறை அண்ணன் வருவாரா என்று கேட்டு எழுதச் சொன்னாள்; அதையும் எழுதினேன்.