லாஸ் காசாஸ் மலிவுப் பதிப்பு: வாங்க முன் புரட்டிப் பாருங்கள்

மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் லாஸ் காசாஸின் ‘இண்டீஸ் அழிவின் சுருக்க வரலாறு’ ஆங்கிலத்தில், மலிவுப் பதிப்பாகக் கிடைக்கிறது. எழுத்து கண்ணை உறுத்தவில்லை. கட்டு மட்டம், நடுவில் விரித்தால் தாள் கழன்று வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்த்தவர் யார், எந்த ஆண்டு என்று எங்கும் போடாததுதான் பெரிய குறை.

இண்டீஸ் என்று அன்று அழைத்த அமெரிக்க நாடுகளில் ஸ்பானியர் பூர்வகுடிகளுக்குச் செய்த கொடுமைகளுக்கு ஸ்பானிய அரசரிடம் நியாயம் கேட்டு, லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியத் துறவி 1542இல் எழுதிய முறைப்பாடு இது. 1552இல் ஸ்பெயினின் செவில் நகரில் அச்சானது. பிறகு ஸ்பெயினின் எதிரிகள் அதைக் கையில் எடுத்தார்கள். ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த நெதர்லாந்துக்காரர் 1578இல் தங்கள் மொழியில் போட்டார்கள். அடுத்த ஆண்டு அன்ட்வேர்ப்பில் வந்த பிரெஞ்சுப் பதிப்பின் முகப்பிலேயே ஸ்பானியரின் கொடுங்கோன்மை என்று இருந்தது. 1656இல் ஜோன் பிலிப்ஸ் செய்த ஆங்கில ஆக்கம், அப்போது ஸ்பெயினோடு போரில் இருந்த இங்கிலாந்து ஆட்சியாளர் குரொம்வெல்லுக்கே சமர்ப்பணம். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு மோதியபோது நியூயோர்க்கில் மறுபடி அச்சேறியது. ஆகவே உங்கள் கையில் வருவது போர்ப் பிரசாரமாக வந்த பிலிப்ஸின் ஆக்கம் என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். ஸ்பானிய மூலத்திலிருந்து அண்மையில் செய்தது என்றால் எடுக்கலாம்.

அட்டைப்படத்தில் பதின்மூன்று பேர் தூக்கில் தொங்க, காலடியில் தீ எரிகிறது. பக்கத்தில் ஒருவன் குழந்தையைச் சுவரில் அடிக்கிறான். 1598இல் செதுக்குச் சித்திரக்காரரும் பதிப்பாளருமான தெ பிரை குடும்பத்தார் பிராங்க்போர்ட்டில் போட்ட லத்தீன் பதிப்பின் செப்புத்தகட்டுச் சித்திரம் அது. செவில் பதிப்பில் இப்படிப் படங்கள் கிடையாது. தெ பிரை அமெரிக்காவை மிதித்ததும் இல்லை. அதற்காக எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளவும் ஏலாது. இயேசுவுக்கும் பன்னிரு சீடருக்கும் மரியாதையாம், அந்தப் பதின்மூன்று என்ற கணக்கு உள்ளே மூலத்திலேயே இருக்கிறது.

எண்களில் கவனம் தேவை. ஹிஸ்பானியோலா என்ற கரீபியத் தீவில் முப்பது இலட்சம் பேர் இருநூறுக்கும் குறைந்துபோனதாக எழுதுகிறார். முப்பது இலட்சம் மிகை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. 1518இல் வந்து தாக்கிய பெரியம்மையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவுச் சனம் அழிந்ததும், குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுச் சுரங்கத்தில் மாண்டதும் எதிரிகளின் பிரசாரமல்ல. ஸ்பெயினே 1542இல் இதைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டங்கள் போட்டது. பெருவில் குடியேறிகள் கலகம் செய்ய, 1545இல் முக்கியமான பிரிவொன்றை மீளப்பெற்றது. இந்தப் பதிப்பின் முன்னுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் படங்களைக் காட்டித்தான் விலையை ஏற்றுவார்.