பாசிக்கு நத்தையா, மிதக்கும் செடியா?

சின்ன மீன் தொட்டியில் பாசி வந்தால் முதலில் கிடைக்கும் அறிவுரை, வெளிச்சத்தைக் குறை என்பதுதான். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம், ஜன்னல் வெயில் படாத இடம், அளவான தீனி, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவது: இவை இல்லாமல் எதுவும் எடுபடாது. அப்புறம்தான் கேள்வி வருகிறது, பாசி தின்னும் உயிர்களை விடுவதா, வேகமாக வளரும் செடிகளை வைப்பதா? இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுச் செடிப் பக்கம் வந்தவன் நான்.

டேங்க் கிளீனர் என்ற பெயரில் வரும் பிளிகோ மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். சின்னத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. ஓட்டோசின்க்ளஸ் கூட்டமாக வாழும் மீன், புதுத் தொட்டியில் விட்டால் மேய ஒன்றும் இல்லாமல் பட்டினி கிடக்கும். அமானோ இறால் இழைப்பாசியை நன்றாக மேயும். நெரைட் நத்தை கண்ணாடியில் இறுகிப்போன பச்சைப் புள்ளிகளைக்கூடச் சுரண்டிவிடும். அது ஊர்ந்த தடம் மட்டும் வளைந்து வளைந்து பளிச்சென்று தெரியும். நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது என்பதால் பெருகுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் கட்டையிலும் கல்லிலும் எள் அளவு வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது.

முட்டையைப் பொறுத்துக்கொள்ளலாம். நத்தை தின்ற பாசி எங்கே போகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பெரும்பகுதி கழிவாகத் தொட்டிக்குள்ளேயே விழுகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் மறுபடி தண்ணீரில் கரைந்து அடுத்த பாசிக்கு உரமாகின்றன. கண்ணாடி சுத்தமாகிறது, காரணம் அப்படியே இருக்கிறது.

செடி அந்தச் சத்தை உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. வளர்ந்ததை நாம் கிள்ளி வெளியே எடுத்தால் சத்தும் அதோடு வெளியேறிவிடும். ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடிக்கு வேரே கிடையாது. தண்டும் இலையும் தண்ணீரிலிருந்தே நேராக உறிஞ்சும். சால்வினியா என்ற மிதக்கும் செடி அதைவிட வேகம். மேலே மிதப்பதால் கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைக்கிறது, கீழே நிழலும் விழுகிறது. வாரம் ஒரு கைப்பிடி அள்ளி, தொங்கும் இழைகளைத் தொட்டிக்கு மேலேயே உதறி எடுத்தால் ஒளிந்திருக்கும் இறால் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்துவிடும். பராமரிப்பு அவ்வளவுதான். இலை வெளிறி, சிறுத்து வந்தால் தண்ணீரில் சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தம், அள்ளுவதையும் குறைத்துக்கொள்ளலாம்.

இதிலும் தொல்லை உண்டு. ஹார்ன்வொர்ட் புதுத் தண்ணீருக்கு வந்ததும் ஊசி ஊசியாக இலையை உதிர்த்து ஃபில்டர் பஞ்சை அடைக்கும். சால்வினியா இலைமேல் ஃபில்டர் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் அழுகிவிடும். மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது.

கறுப்பு முடிக்கொத்து போல ஒட்டி வளரும் கருந்தாடிப் பாசி என் தொட்டியில் வந்ததே இல்லை; அதை இந்த வழி அடக்கும் என்று உறுதி தரமாட்டேன். புள்ளிப் பாசிக்கு மட்டும் ஒரேயொரு நெரைட்டை இப்போதும் வைத்திருக்கிறேன்.

அள்ளிய சால்வினியாவைக் குளத்திலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதீர்கள், பெருகித் தண்ணீரையே மூடிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம்.