முடிவு இருக்கிற விளையாட்டுகள்: பிள்ளைகளோடு பழைய டிவி கேம், இரண்டு வருட அனுபவம்

மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு நான்கு இருக்கும்போது வீட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கேம்களை ஆரம்பித்தோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் 1980-களில் நிண்டெண்டோவின் 8-பிட் கருவிக்கு வந்தவைதான்: எக்ஸைட்பைக், டென்னிஸ், ஐஸ் ஹாக்கி, டக் ஹன்ட். நம் ஊரில் "டிவி கேம்" என்று சொல்லி, கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினோமே, அந்த வகை. வீட்டில் நிண்டெண்டோவின் பிற்காலக் கேம் கருவியான ஸ்விட்ச்சில் சந்தா கட்டி ஆடுகிறோம். மதுரையில் என் பெற்றோர் வீட்டுப் பரணில் இருந்த பழைய செட்டும், அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டப்பா டிவியும் விடுமுறை நாட்களுக்கு. இதே வயதுப் பிள்ளைகள் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி விசாரிப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கேம்களில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். இவற்றுக்கு முடிவு இருக்கிறது.

போனில் ஒரு கிரிக்கெட் கேமைத் திறந்து பாருங்கள். மேட்ச் முடிந்ததும் ஒரு பெட்டி திறக்கும், அதில் காசு கொட்டும். அது போதாவிட்டால் ஒரு விளம்பரம் பார்க்கச் சொல்லும். நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும் என்று எச்சரிக்கும். பிள்ளை கையிலிருந்து போனை வாங்கும்போது வருகிற அழுகைக்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. எப்போது வாங்கினாலும் நடுவிலேதான் வாங்குகிறோம், ஏனென்றால் அங்கே நடு மட்டும்தான் இருக்கிறது. 1984-ல் வந்த எக்ஸைட்பைக்கில் ஒரு ரேஸ் சுமார் ஒன்றரை நிமிடம். கோட்டைத் தாண்டினால் நேரம் எவ்வளவு என்று காட்டும், அவ்வளவுதான். நாளைக்கு நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கேமுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கேசட் ஒரு தடவை விற்றதோடு வியாபாரம் முடிந்துபோன காலத்துப் பொருள் அது.

அதனால் எங்கள் வீட்டில் நேரக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆட்டக் கணக்குதான். ஆளுக்கு மூன்று ரேஸ், அல்லது சேர்ந்து ஒரு ஹாக்கி மேட்ச். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியாத அளவு. "இன்னும் ஒரு ரேஸ்" நன்றாகப் புரிகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்றும், ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்றும் சொல்கிறது. டிவி, போன் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்பதால், கேமுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் முழுதாக ஒரு ஆட்டம் அடங்குகிறது.

எதில் தொடங்கலாம் என்றால் யோசிக்காமல் எக்ஸைட்பைக் என்பேன். ஏ பட்டனை அழுத்தினால் பைக் ஓடும். பி அழுத்தினால் வேகமாக ஓடும், ஆனால் எஞ்சின் சூடேறும். கீழே ஒரு பட்டை ஏறிக்கொண்டே வரும். அது நிரம்பினால் பைக் ஓரமாக நின்றுவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தரையில் இருக்கிற அம்புக்குறிமேல் ஓட்டினால் சூடு உடனே தணியும். இவ்வளவுதான் விதி. மகன் முதல் வாரமெல்லாம் பி-யைப் பிடித்தபடியே ஓட்டி, பைக் நின்றுபோய், மற்றவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தானாகவே மேட்டுக்கு முன்னால் பி-யை விட்டுவிட்டு ஏ-யில் ஏறினான். ஏன் என்று கேட்டதற்கு, "மேல போயி அழுத்துனா வேஸ்ட்டுப்பா" என்றான். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

விழுவதும் அதில் சுகமாகத்தான் இருக்கிறது. பைக்காரர் உருண்டு போய்ப் புல்லில் விழுவார், எழுந்து வருவார், ஏறி ஓட்டுவார். ரத்தம் கிடையாது, "தோற்றுவிட்டாய்" என்று பெரிய எழுத்துகளும் கிடையாது. தனியாக ஓட்டும் முதல் பிரிவு, மற்ற வண்டிகளோடு ஓட்டும் இரண்டாம் பிரிவு என்று இரண்டு இருக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் பிரிவு போதும்.

மகளுக்குப் பிடித்தது அதிலுள்ள டிசைன் பகுதி. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட மேடு பள்ளங்களை வரிசையாக வைத்து நாமே ஒரு டிராக் கட்டலாம். ஆங்கில எழுத்துகளை அவள் உறுதியாகக் கற்றுக்கொண்டதில் பள்ளிக்கு எவ்வளவு பங்கோ அதில் பாதியாவது இதற்கு உண்டு. எந்த எழுத்துக்கு எந்த மேடு என்று மனப்பாடம். அண்ணன் விழுவதற்கென்றே டிராக் கட்டுவாள்.

டென்னிஸும் 1984-ல் வந்ததுதான். நடுவர் நாற்காலியில், நிண்டெண்டோ கேம்களின் புகழ்பெற்ற மீசைக்கார நாயகன் மரியோ உட்கார்ந்திருப்பார். இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் டபுள்ஸ். இரண்டு பேர் ஆடினால் எதிரெதிரே நிற்க வேண்டாம். இருவரும் ஒரே பக்கம் நின்று கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடுகிறார்கள். ஒரு வயது வித்தியாசத்தில் இருக்கிற அண்ணன் தங்கையை எடுத்த எடுப்பில் ஒருவருக்கொருவர் எதிரியாக உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியவன் ஜெயித்துக்கொண்டே இருப்பான், சின்னவள் எழுந்து போய்விடுவாள். ஒரே பக்கம் நின்றால் அவள் தவறவிட்ட பந்தை இவன் ஓடிப்போய் எடுக்கிறான்.

ஐந்து கடின நிலைகள் உண்டு. முதல் நிலையிலேயே நாங்கள் பல மாதம் இருந்தோம். பந்து மட்டைக்கு வரும் நேரம் பார்த்து அழுத்துவது நான்கு வயது விரலுக்குக் கஷ்டம்தான். மகளுக்கு அது கைவர ஐந்து வயது தாண்டவேண்டியிருந்தது. என் அப்பா வந்திருக்கும்போது ஜோடி மாறும். "தாத்தா, வலைக்குப் பக்கத்துல நில்லுங்க, நான் பின்னாடி பாத்துக்கறேன்" என்று பேரன் சொல்ல, அவரும் அப்படியே நிற்பார். ஒரு மேட்ச் முழுதாக ஆடினால் நீளம். அதனால் டென்னிஸ் கணக்கில் இரண்டு கேமோடு நிறுத்திக்கொள்கிறோம். "ஃபால்ட்", "அவுட்" என்று நடுவர் சொல்வதையெல்லாம் பார்த்துப் பழகியதால், பின்பு உண்மையான கோர்ட்டில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது, சர்வீஸ் எந்தக் கட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது மகனுக்குத் தெரிந்திருந்தது.

ஐஸ் ஹாக்கி 1988. பனியையே பார்த்திராத பிள்ளைகள் இதில் இப்படி ஒன்றிப்போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர்த்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வகை உடல்: ஒல்லி, நடுத்தரம், குண்டு. ஒல்லி ஆள் பறப்பார், ஆனால் இடித்தால் விழுந்துவிடுவார். குண்டு ஆள் மெதுவாக வருவார், அவரை எளிதில் தள்ள முடியாது, அவர் அடிக்கிற அடிதான் பலமானது. முதலில் நான்கு பேரையும் குண்டாகவே எடுத்தார்கள். பக்கை (பந்துக்குப் பதிலாக இதில் இருக்கும் வட்டு) எட்டிப் பிடிக்க ஆளில்லை. பிறகு நான்கு ஒல்லி. கடைசியில் இரண்டு நடுத்தரம், ஒரு ஒல்லி, ஒரு குண்டு என்று நிலைத்தது, அதுவும் பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு. பள்ளியில் கேலிக்குப் பயன்படுகிற சொல் இங்கே ஒரு பலம். "எனக்குக் குண்டு மாமா வேணும்" என்று இரண்டு பேரும் சண்டை போடுவதைக் கேட்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

இதிலுள்ள ஆறு அணிகளில் சோவியத் யூனியனும் செக்கோஸ்லோவாக்கியாவும் உண்டு. சுவரிலிருக்கும் உலகப் படத்தில் மகன் தேடினான், கிடைக்கவில்லை. ஒன்று 1991-ல் கலைந்தது, இன்னொன்று 1993-ல் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல நேர்ந்தது. நாடுகள் இல்லாமல் போக முடியும் என்பது அவனுக்குப் பெரிய செய்தி. அன்று ஹாக்கி ஆடவே இல்லை, ஒவ்வொரு நாடாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு முக்கியமான விஷயம், இதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம். இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கின்றன. சினிமா பார்க்கும்போது தெரியாது. டென்னிஸ் ஆடும்போது, பட்டனை அழுத்தியபின் மட்டை தாமதமாகச் சுழலும். பெரியவர்கள் தெரியாமலே பழகிக்கொள்வோம். பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். படத்தை அகலத்துக்கு இழுக்காமல் பழைய டிவியின் 4:3 அளவிலேயே வையுங்கள், இல்லையென்றால் பந்து முட்டை வடிவத்தில் வரும். மதுரை வீட்டு டப்பா டிவியில் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. அங்கே மகள் டென்னிஸ் ஆடுவதைப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது.

டக் ஹன்ட், பொம்மைத் துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுடுகிற கேம். அதை ஆட அந்த டப்பா டிவி கட்டாயம் வேண்டும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி உண்மையில் ஒளியை வாங்குகிற கருவி. அந்த வெள்ளையைப் பார்த்தால் பட்டது என்று கணக்கு. நேரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் எல்சிடி டிவியில் வேலை செய்யாது. நாங்கள் வாத்தை விட்டுவிட்டு, களிமண் தட்டுகளைச் சுடுகிற பிரிவை மட்டும் ஆடுகிறோம். புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் கலந்துகொண்டபோது, "நம்ம கேம்" என்று இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பொம்மைத் துப்பாக்கியே வேண்டாம் என்கிற வீடுகளின் முடிவும் நியாயமானதுதான்.

பழைய செட்டை எடுக்கிறவர்கள் அடாப்டரைக் கவனியுங்கள். பல வருஷம் பரணில் கிடந்ததை அப்படியே சொருகாமல், செட்டின் அடியில் எழுதியிருக்கும் வோல்டேஜுக்கும் துருவத்துக்கும் பொருந்துகிறதா என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் காட்டிக்கொள்ளுங்கள். "9999 இன் 1" கேசட்டுகளில் சில கேம்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம்.

எங்களுக்குச் சரிப்படாதவையும் உண்டு. கொனாமி நிறுவனத்தின் தடகளக் கேமான டிராக் அண்ட் ஃபீல்ட், 1983-ல் காசு போட்டு ஆடும் கடைகளுக்காக வந்தது. ஓடுவதற்குப் பட்டனைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன மணிக்கட்டுக்கு அது ஆகாது. மகனுக்குக் கை வலித்ததும் நிறுத்திவிட்டேன். பேஸ்பால் விதிகள் இந்த வயதில் ஏறவில்லை. 1987-ன் பஞ்ச்-அவுட் அருமையான குத்துச்சண்டை கேம், எதிராளியின் அசைவைப் படித்து அடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்காரரையும் கேலிச் சித்திரமாகக் காட்டுகிறது. அதைப் பற்றிப் பேசிப் புரிந்துகொள்ளும் வயது வரட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஸ்விட்ச்சில் நடந்ததைப் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. தவறவிட்ட பந்தை மறுபடி ஆடலாம். பெரியவர்கள் கடினமான கேமைக் கடக்க நல்ல உதவி. பிள்ளைகளுக்கு அதை நான் காட்டவே இல்லை. போன பாயின்ட் போனதுதான் என்பதை, தெருவில் ஆடும்போது மற்ற பிள்ளைகள் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது, அது இதமாக நடக்கட்டும்.

இனி கிரிக்கெட். நம் பிள்ளைகள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 1992-ல் இதே 8-பிட் கருவிக்கு இன்டர்நேஷனல் கிரிக்கெட் என்று ஒன்று வந்தது, ஆஸ்திரேலியாவில் மட்டும். அதனால் மகனுக்கு ஏழு வயதானதும் கம்ப்யூட்டரில் ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07 போட்டுக் கொடுத்தேன். 2006-ல் வெளியானது, மார்க் நிக்கலஸும் ரிச்சி பெனோவும் வர்ணனை. இந்திய அணிக்கு உரிமம் வாங்காததால் வீரர்கள் மாற்றுப் பெயர்களில் வருவார்கள், அது அவனுக்கு ஏமாற்றம். ஐந்து ஓவர் மேட்ச் வைத்துக்கொள்ளலாம் என்பது நல்லது. ஆனால் பட்டன்கள் அதிகம், முன்கால் பின்கால் என்று யோசிக்க வேண்டும், கீபோர்டை இருவர் பங்கு போட்டால் விரல்கள் இடித்துக்கொள்கின்றன. எட்டு வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் இப்போதைய கருத்து. மகன் ஒத்துக்கொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் என்று பேசி முடித்திருக்கிறோம். மற்ற நாட்களில் எக்ஸைட்பைக்தான்.