நார்த்லேண்டா, சவுத்டேலா? ஒரே ஆள் வரைந்த இரண்டு மால்கள்

அமெரிக்கப் புறநகர் மால்களின் கதை என்றால் எல்லோரும் சவுத்டேலில்தான் ஆரம்பிப்பார்கள். மினசோட்டா மாநிலத்தின் எடைனாவில் 1956 அக்டோபர் 8 அன்று திறந்தார்கள். முழுக்கக் கூரை போட்டு, வருஷம் முழுவதும் ஒரே சீதோஷ்ணத்தில் வைத்த முதல் மால் என்று பெயர். ஆனால் அதை வரைந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன், இரண்டரை வருஷம் முன்பே, 1954 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்டை ஒட்டிய சவுத்ஃபீல்டில் நார்த்லேண்டைக் கட்டி முடித்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனசு நார்த்லேண்ட் பக்கம்தான் சாய்கிறது. பிழைத்துக் கிடப்பதோ சவுத்டேல்.

நார்த்லேண்டுக்குக் கூரை கிடையாது. நடுவில் ஹட்சன்ஸ் நிறுவனத்தின் நான்கு மாடிக் கடை. மூலஸ்தானத்தைச் சுற்றிப் பிராகாரம் மாதிரி, அதைச் சுற்றித் தாழ்வான கடை வரிசைகள். காரை எங்கே நிறுத்தினாலும் சின்னக் கடைகளைத் தாண்டித்தான் பெரிய கடைக்குப் போக முடியும். வியாபாரத் தந்திரம்தான், ஆனால் உறுத்தாத தந்திரம். நடுநடுவே முற்றங்கள், மரங்கள், சிற்பங்கள். மார்ஷல் ஃப்ரெடெரிக்ஸ் செய்த கரடி ஒன்று, அதன் முதுகில் ஒரு பையன். சரக்கு லாரிகளைப் பூமிக்கடியில் ஒரு சுரங்கப் பாதையில் விட்டுவிட்டதால் மேலே நடப்பவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

மினசோட்டாக் குளிரில் இது எடுபடாது. வருஷத்தில் 126 நாள்தான் வெளியில் நிம்மதியாகக் கடை சுற்ற முடியும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் சவுத்டேல் ஒரு மூடின பெட்டி. எல்லாவற்றையும் இரண்டே தளத்தில் அடக்கிவிட்டார் க்ரூயன். மேல்தளம் காற்று வாங்கக் கூடாதே என்று, கார் நிறுத்துமிடங்களையே ஏற்ற இறக்கமாக அமைத்து, பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் நுழையும்படி செய்தார். இன்று எந்த மாலில் நுழைந்தாலும் இந்தப் புத்திசாலித்தனத்தின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். இடத்துக்குச் சொந்தக்காரர்களான டேட்டன்ஸ், போட்டிக் கடையான டொனால்ட்சன்ஸையும் அதே கூரைக்குள் சேர்த்துக்கொண்டதும் அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

நடு முற்றத்தில் சிற்பி ஹாரி பெர்ட்டோயாவின் பொன்னிற உலோக மரங்கள், உயரமான பறவைக் கூண்டு. வந்து பார்த்த பிரபல கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நகரத்தை நகரத்திலேயே விட்டிருக்கலாமே என்றார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. உள்ளே எவ்வளவு அழகோ, வெளியே அவ்வளவு மொட்டைச் சுவர்.

சரி, ஊரெல்லாம் நகலெடுத்தது எதை? பெட்டியைத்தான். கடைசியில் 1970-களின் நடுவில் நார்த்லேண்டுக்கும் கூரை வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அதன் தனி அழகு அன்றோடு போயிற்று.

ஆனால் நார்த்லேண்டைச் சாய்த்தது கூரை இல்லை. டெட்ராய்டை விட்டு விலகி வருபவர்களுக்காகக் கட்டிய இடம் அது. அவர்கள் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஹட்சன்ஸே 1957-ல் ஈஸ்ட்லேண்ட், 1965-ல் வெஸ்ட்லேண்ட் என்று அடுத்தடுத்துத் திறந்தது. 1976-ல் ஃபேர்லேன், 1977-ல் நோவையில் ட்வெல்வ் ஓக்ஸ். மிச்சிகன் தமிழர்கள் பலருக்கு மால் என்றால் இந்த ட்வெல்வ் ஓக்ஸ்தான்.

இதற்கிடையில் 1969-ல் டேட்டன்ஸும் ஹட்சன்ஸும் ஒரே கம்பெனியாகிவிட்டன. அதுதான் இன்றைய டார்கெட் கம்பெனி. நார்த்லேண்டில் இருந்த டார்கெட் கடை 2015 தொடக்கத்தில் மூடியது. ஹட்சன்ஸ் கட்டடத்தில் கடைசியாக இருந்த மேசிஸ் கடையும் போனது, அதோடு மாலும் போயிற்று. இடத்தை நகராட்சி 24 லட்சம் டாலருக்கு வாங்கியது.

சவுத்டேலுக்கும் ஆபத்து வராமல் இல்லை. 1992-ல் சில கிலோமீட்டர் தள்ளி மால் ஆஃப் அமெரிக்காவே முளைத்தது. இருந்தும் தாக்குப்பிடித்ததற்குப் பெட்டியைவிட அக்கம்பக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எடைனா வசதியான ஊராகவே நீடித்தது. பக்கத்திலேயே 1965 முதல் பெரிய ஆஸ்பத்திரி. ஜேசி பென்னி கடை இருந்த இடத்தில் 2019-ல் பிரம்மாண்டமான உடற்பயிற்சிக் கூடம் வந்தது. கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் அடுக்குமாடி வீடுகள்கூட எழுந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, ஏரி என்று மாலைச் சுற்றி ஒரு குட்டி ஊரையே க்ரூயன் வரைந்து கொடுத்திருந்தார். பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றது. சுற்றியிருந்த மனைகளுக்கு விலை ஏற, விற்றுக் காசாக்குவதுதான் லாபமாக இருந்தது. 1968-ல் சொந்த ஊரான வியன்னாவுக்குத் திரும்பிய மனுஷர், 1978-ல் லண்டனில் பேசும்போது, இந்த மால்கள் எனக்குப் பிறந்த பிள்ளைகளே இல்லை என்கிற தொனியில் கைகழுவிவிட்டார். அப்போது வியன்னாவின் தெற்கு எல்லையிலும் ஒரு மால் வந்தாயிற்று.

வியாபாரியாக இருந்தால் சவுத்டேலில்தான் கடை எடுப்பேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு சும்மா சுற்ற, 1954-ன் நார்த்லேண்ட் போதும். அந்தக் கரடியும் பையனும் தப்பித்து, இப்போது சவுத்ஃபீல்ட் பொது நூலகத்தில் இருக்கிறார்கள்.