கரிசல் கொல்லையில் காய்கறி: மேட்டுப்பாத்தியா, பள்ளப்பாத்தியா?

சாத்தூர் பக்கம் கொல்லையில் காய்கறி போட யாரிடம் யோசனை கேட்டாலும், "மேட்டுப்பாத்தி போடுங்க" என்றுதான் சொல்வார்கள். யூடியூபிலும் அதுதான். அடிக்கடி மழை பெய்கிற ஊருக்கு அது சரி; அங்கே வேர் அழுகாமல் தண்ணீரை வடிக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழையே ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். மாசி முதல் ஆனி வரை வடிப்பதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது?

முக்கால் அடி உயர மேடு ஒன்று, அரை அடி ஆழப் பள்ளம் ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே தொழு உரம், ஒரே வெண்டை விதை, ஒரே நாளில் ஊன்றியது. சித்திரை வெயிலில் மேட்டுச் செடிகள் காலை பத்து மணிக்கே துவண்டன. மேட்டுக்குத் தலையில் மட்டுமல்ல, விலாவிலும் வெயில் விழுகிறது, காற்றும் அடிக்கிறது. கரிசல் வேறு காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஊற்றுகிற தண்ணீர் வெடிப்பு வழியே வேரைத் தாண்டி இறங்கிவிடும். மேட்டுக்கு காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருந்தது. பள்ளத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சருகு மூடாக்குப் போட்ட பிறகு அதிலும் இடைவெளி கூடியது.

கோடை மழையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். மேட்டில் பாதி சரிந்து ஓடியது. பள்ளத்தில் விழுந்தது விழுந்த இடத்திலேயே ஊறியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சூனி பழங்குடியினரும் கட்டம் கட்டமாக மண் வரப்பு எடுத்து, உள்ளே தாழ்வாகத்தான் பயிர் வைத்தார்கள். வறண்ட நிலம் அவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆனால் ஐப்பசியில் பள்ளம் கைவிட்டுவிடும். நனைந்து உப்பிய கரிசலில் தண்ணீர் லேசில் இறங்காது. இரண்டு நாள் தேங்கினால் மிளகாயும் தக்காளியும் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடும். அதனால் மழைக்கு முன்பே தாழ்ந்த பக்கம் வரப்பில் ஒரு வாய் வெட்டி வையுங்கள். மிளகாய், தக்காளி, கத்தரிக்கு மட்டும் அந்தப் பருவத்தில் மேடு போடலாம். அப்போது அது தேவையான வேலையைச் செய்யும். மணலோ செம்மண்ணோ உள்ள கொல்லைக்கு இந்தக் கவலை குறைவு.

குரோ பேக் (செடி வளர்க்கும் பை) பற்றியும் கேட்பார்கள். மண்ணே இல்லாத வீட்டுக்கு, மொட்டை மாடிக்கு அது வரம். மண் இருக்கும்போது நான் சொல்ல மாட்டேன். பை சூடேறி வேர் வாடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். புதினா, கொத்தமல்லிக்கு நிழலில் இரண்டு பை போதும்.

அப்புறம் தண்ணீர் விடும் முறை. சொட்டுநீர்க் குழாய் கை வேலையைக் குறைக்கும், ஆனால் உப்புத் தண்ணீரில் அதன் கண் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். நான்கைந்து செடிக்கு என்றால் பானைதான் என் தேர்வு. பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மூடிவிட்டால் போதும். சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும்; ஈரமாக இருந்தால் கசிவும் குறையும். பத்து லிட்டர் பானை எனக்கு மூன்று நாள் வருகிறது. உப்பு இதன் துளைகளையும் மெல்ல அடைக்கும். கசிவு குறைந்தால் பானையை மாற்ற வேண்டும். கீரைக்கும் இது உதவாது. கீரை விதை மேல் மண்ணில் கிடப்பது, பானையின் ஈரம் அங்கே எட்டாது. அதற்குப் பூவாளிதான்.

இடம் கொஞ்சம்தான் என்றால் இப்படித் தொடங்குங்கள்: மேற்கு வேலியோரம் ஒரு முருங்கை, வெயில் தாங்கும் கொத்தவரைக்கும் வெண்டைக்கும் பள்ளப்பாத்தி. ஆடியில் பானையைச் சுற்றி நான்கு பீர்க்கு விதை ஊன்றி, முளைத்ததும் நல்ல இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.