பீட்டர்சனா, எவன்ஸா?
ஜாஸ் பியானோவை முதன்முதலாகக் கேட்பவருக்கு ஆஸ்கர் பீட்டர்சனைத்தான் கொடுப்பேன். மான்ட்ரியாலில் பிறந்து, 1949-இல் கார்னகி ஹால் மேடையேறிப் பெயர் பெற்றவர். விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு சுரம்கூட மங்காது. ரே பிரவுனின் டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய தந்திக் கருவி) அடியில் தூணாக நிற்க, கேட்பவர் கால் தானாகத் தாளம் போடும். 1993-இல் பக்கவாதம் இடது கையைத் தளர்த்திய பிறகும் அவர் மேடையை விட்டுவிடவில்லை.

சரி, மனசுக்கு நெருக்கமானவர்? இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர், பில் எவன்ஸ். முகம் கட்டைகளைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்குக் குனிந்து வாசிப்பார். இடது கை வாசிக்கும் கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பல நேரம் அடிச்சுரம், அதாவது கார்டுக்கு ஆதாரமான சுரம், இருக்காது. அதை பேஸுக்கு விட்டுவிடுவார். அவரோடு பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவோ அடிச்சுரத்தோடு நிற்காமல், பியானோவோடு சரிசமமாகப் பேசுவார். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் பதிவான வாசிப்பைக் கேளுங்கள். பின்னால் கிளாஸ்கள் உரசும் சத்தம், யாரோ பேசும் முணுமுணுப்பு, நடுவே எவன்ஸ், லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன் என அந்த மூவர். அதற்குப் பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் சில மாதங்கள் மேடைப் பக்கமே போகவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் என் கை எவன்ஸ் பக்கம்தான் போகிறது.