ஐஸ் மசாலா டீ: கொதிக்க விடுவதா, ஊற விடுவதா?

கத்திரி வெயிலில் மாலை 4 மணி என்பது டீ குடித்துப் பழகியவர்களுக்குச் சோதனையான நேரம். டீ வேண்டும், சூடு வேண்டாம். மோரும் நன்னாரி சர்பத்தும் தாகத்தைத் தீர்க்கும். ஆனால் 'டீ குடிச்சாச்சு' என்ற நிறைவு அவற்றில் வராது. அதனால் ஐஸ் போட்ட மசாலா டீயை வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கினேன். கடையில் விற்கும் பாக்கெட், கொதிக்க வைத்து ஐஸில் ஊற்றுவது, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊற வைப்பது, பால் சேர்த்துச் செய்வது என்று நான்கு வழிகள். நான்கையும் பல தடவை போட்டுக் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாக்கெட்டை முதலில் முடித்துவிடலாம். எது எடையில் அதிகமோ அதைத்தான் பொருள் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது நம் ஊர் லேபிள் விதி. நான் வாங்கிய பாக்கெட்டில் முதல் பெயர் சர்க்கரை. டீ கீழே எங்கோ இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் அரை நிமிடத்தில் தயார், அது ஒன்றுதான் லாபம். சர்க்கரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, இஞ்சி வாசனை மிட்டாய் வாசனையாக வருகிறது. பஸ் பயணத்துக்கு வேண்டுமானால் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எல்லோரும் முதலில் செய்து பார்க்கிற முறை: சூடாக டீ போட்டு ஐஸ் மேல் ஊற்றுவது. இதற்கு ஒரு கதையும் உண்டு. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யப் போன ரிச்சர்ட் பிளெச்சின்டன், வெயிலில் யாரும் சூடான டீயைத் தொடவில்லை என்பதால் அதில் ஐஸைப் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். ஐஸ் டீயைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றுகூடச் சொல்வதுண்டு. அது சரியில்லை, 1870-களின் அமெரிக்கச் சமையல் புத்தகங்களிலேயே ஐஸ் டீக்குக் குறிப்பு இருக்கிறது.

அவர் எப்படிச் செய்தாரோ தெரியாது, நான் செய்தது சொதப்பியது. வழக்கமான டீயைப் போட்டு, டம்ளர் நிறைய ஐஸ் கட்டி எடுத்து, அதன் மேல் ஊற்றினேன். ஐஸ் காணாமல் போய், டீ நிறத்தில் தண்ணீர் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் கணக்குத்தான் இது. 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 80 டிகிரி சூட்டில் இருக்கும் 100 மில்லி டீ 0 டிகிரிக்கு இறங்க 8,000 கலோரியை இழக்க வேண்டும். கணக்குப் போட்டால், 100 மில்லி டீயைக் குளிர வைக்க 100 கிராம் ஐஸ் மொத்தமும் உருகிவிடும். போட்ட டீ சரிபாதியாக நீர்த்துப் போகிறது. அதையே முதலில் அறையில் வைத்து 30 டிகிரிக்கு ஆற விட்டால் 38 கிராம் அளவுக்கு ஐஸ் உருகினால் போதும்.

ஆகவே இந்த முறைக்கு டிகாஷன் இரண்டு மடங்கு திடமாக இருக்க வேண்டும். 4 டம்ளருக்கு என் அளவு இது: 400 மில்லி தண்ணீரில் ஒரு விரற்கடை இஞ்சி தட்டியது, நசுக்கிய ஏலக்காய் 6, கிராம்பு 3, சின்னத் துண்டு பட்டை, மிளகு 8. மூடி போட்டு 7 நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு 4 டீஸ்பூன் டீத்தூள் போட்டு, 3 நிமிடத்தில் வடிகட்ட வேண்டும். டீக்கடையில் போல டீத்தூளையும் சேர்த்துக் கொதிக்க விடக் கூடாது. சூட்டில் பாலும் சர்க்கரையும் மறைத்துவிடுகிற துவர்ப்பு, பால் இல்லாத குளிர்ந்த டீயில் நாக்கைப் பிடிக்கும். இனிப்போ நேர் எதிர்; குளிர்ந்தால் குறைவாகத் தெரியும். சூடாக இருக்கும்போது 'கொஞ்சம் கூடிவிட்டதோ' என்று தோன்றும் அளவுக்குச் சர்க்கரை போட்டால்தான் ஐஸில் சரியாக வரும்.

இந்த டிகாஷனை நீர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் குட்டைத் தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. கெட்டுவிட்டதோ என்று பயந்து ஊற்றிவிட்டேன், அது வீண் பயம். டீயில் உள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். குளிரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரளும். கொஞ்சம் கொதிநீர் விட்டால் மறுபடி தெளிந்துவிடும். திடமான அஸ்ஸாம் தூளில் இந்தக் கலங்கல் அதிகம். நீலகிரித் தேயிலை குளிர்ந்தாலும் தெளிவாக நிற்கும். ஐஸ் டீக்கு உலகெங்கும் அதற்குப் பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குன்னூர்ப் பக்கம் போகிறவர்கள் தூளாக இல்லாமல் இலையாக, ஆர்த்தடாக்ஸ் என்று கேட்டு வாங்கி வரலாம்.

அந்த இலையை வாங்கினால்தான் மூன்றாவது முறைக்கு அர்த்தம் வரும். 1 லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் இலை, கண்ணாடி பாட்டில், ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம், காலையில் வடிகட்டல். அவ்வளவுதான் வேலை. சி.டி.சி. குருணைத் தூளில் செய்தால் சாறு சீக்கிரம் இறங்கிவிடும்தான், ஆனால் அடியில் சேறு போல் தங்கும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். இலையில் ஊறிய டீ தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. துவர்ப்புப் பொருள்கள் குளிர்ந்த நீரில் குறைவாகவே இறங்குவதால் சர்க்கரை இல்லாமல்கூடக் குடிக்க முடிகிறது. கறுப்பு டீயில் பூ வாசனை உண்டு என்று எனக்குத் தெரிந்ததே இதைக் குடித்துத்தான். ஒன்று மட்டும்: ஃப்ரிட்ஜுக்கு வெளியே, வெயிலில் பாட்டிலை வைத்து ஊற விடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் மணிக்கணக்காக எது ஊறினாலும் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்.

சரி, இதுவே வெற்றி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நாம் கேட்டது மசாலா டீ. அதே பாட்டிலில் ஏலக்காய், பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் போட்டு ஊற வைத்தேன். ஏலக்காய் ஏதோ தூரத்தில் இருப்பது போல் மணந்தது. பட்டை வந்த இடமே தெரியவில்லை. இஞ்சியில் மட்டும் பச்சை நெடி. மசாலாவின் மணமெல்லாம் எண்ணெயில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரும் எண்ணெயும் எளிதில் சேராது. சூடுதான் அதைப் பிதுக்கி வெளியே கொண்டுவரும்.

அப்படியானால் ராமநவமிப் பானகம் மட்டும் எப்படி? அதில் அடுப்பே இல்லை, ஆனாலும் சுக்கும் ஏலக்காயும் தொண்டை வரை ஏறுகின்றன. அதில் மசாலாவை யாரும் ஊற வைத்து எடுப்பதில்லை, பொடித்துக் கரைத்துப் பொடியையே குடிக்கிறோம். டீயிலும் சுக்குப்பொடி போட்டுப் பார்த்தேன். மணம் வந்தது, கூடவே அடிமண்டியும் வந்தது. பானகத்தில் அந்த மண்டி நமக்குப் பழக்கம், அழகுகூட. தெளிந்த டீயில் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆக, மசாலாவுக்கு நெருப்பு வேண்டும், தேயிலைக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போடுவதுதான் தகராறு. பிரித்துவிட்டேன். 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், மேலே சொன்ன அதே மசாலா இரண்டு மடங்கு. மூடி போட்டு 10 நிமிடம் சிறு தீ, ஆறும் வரை அப்படியே விட்டு வடிகட்டினால் மசாலா பாகு தயார். ஊற வைத்த டீ ஒரு டம்ளர், பாகு 2 டேபிள்ஸ்பூன், 4 ஐஸ் கட்டி, அரை மூடி எலுமிச்சை. எலுமிச்சை விழுந்ததும் டீயின் நிறம் ஒரு படி வெளுக்கும். பயப்பட வேண்டாம், புளிப்புக்கு டீச்சாயம் அப்படித்தான் மாறும். சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டிலும் பாகு காய்ச்சினேன், நன்றாகவே இருந்தது. கருப்பட்டி போட்டால் டீயின் மணம் அதற்கடியில் போய்விடுகிறது, அது வேறு பானம். சர்க்கரையைப் பாகாக்குவதில் இன்னொரு வசதியும் உண்டு: ஐஸ் டீயில் சர்க்கரையை நேரே போட்டால் கரையத் தாமதமாகும், கடைசி மடக்கில் மொத்தமாக வாய்க்குள் வரும்.

பால் ஐஸ் டீயை விட்டுவிட்டால் வீட்டில் சண்டை வரும். ஆறிய பால் டீயை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே ஆடையும் கொழுப்பும் படிந்து, உதட்டில் ஒட்டுகிறது. அதைவிட, டிகாஷனைத் தனியே குளிரவைத்து, காய்ச்சிக் குளிர்ந்த பாலைக் குடிக்கும்போது கலப்பது மேல். தண்ணீர் ஐஸுக்குப் பதிலாக டிகாஷனையே கட்டியாக உறைய வைத்துப் போட்டால் கடைசி வரை நீர்க்காது. இதில் இஞ்சியிடம் ஜாக்கிரதை. ஒருமுறை மணத்துக்காகப் பச்சை இஞ்சிச்சாற்றைப் பாலில் நேரே விட்டேன், பால் திரிந்துவிட்டது. இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதித்தால் அது செத்துவிடும். இஞ்சி எப்போதும் முதலில் தண்ணீரில் கொதிக்கட்டும். எலுமிச்சையை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளுக்கும் இனிப்புப் பிரியர்களுக்கும் இது பிடிக்கும். எனக்கு இது ரோஸ் மில்க் ஜாதி. குடித்த பிறகு தண்ணீர் கேட்கும்.

பிரித்துச் செய்யும் முறையில் குறை ஒன்றுதான்: முந்தைய இரவே நினைவு வைத்திருக்க வேண்டும். மத்தியானம் 3 மணிக்கு யாராவது சொல்லாமல் வந்து நின்றால் இரண்டு மடங்கு டிகாஷனும் ஐஸ் ட்ரேயும்தான் கை கொடுக்கும். ஊற வைத்த டீயை வடிகட்டிய பின் இரண்டு நாளுக்குள் குடித்துவிட வேண்டும். பாகைக் கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாங்கும். எங்கள் வீட்டில் அது அத்தனை நாள் இருந்ததில்லை, பாதி எலுமிச்சை ஜூஸுக்கே போய்விடுகிறது.